கிரீடம் வீட்டிலிருந்த வாரம்

2003 மே 13, செவ்வாய்க்கிழமை. மாசசூசெட்ஸ் மாநிலம், ஃபால் ரிவர். பழைய கல் ஆலை ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்த அறுபது தையல் இயந்திரங்களில் அன்று இருபத்திரண்டு ஓடின.

அவற்றில் ஒன்று இடலினாவுடையது. திரைச்சீலையின் மேல் விளிம்பை மடித்து, கம்பி நுழைய இடம் விட்டு, ஒரே ஓட்டமாகத் தைப்பது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். அன்று காலை மட்டும் இரண்டு முறை கோணலாகப் போய்ப் பிரித்துத் தைத்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு அரசாங்கம் அவளுடன் தொலைபேசியில் பேசப் போகிறது.

எல்லாம் வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தால். குளிர்காலத்திலிருந்து ஆலையில் வாரத்துக்கு இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் வேலை. குறைந்துபோன நேரத்துக்கு ஈடாக மாநில அலுவலகம் பகுதி உதவித்தொகை தருகிறது. அதற்கு முக்கியமான நிபந்தனை, ஆலை கூப்பிட்டால் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்த வாரத் தொகையைக் கேட்டுத் தெருவே அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிடும். பதிவு செய்த குரல் போர்ச்சுகீசிய மொழியில் கேட்கும்: இந்த வாரம் கிடைத்த வேலை எதையாவது மறுத்தீர்களா? வேறு எங்காவது சம்பாதித்தீர்களா? எல்லோரும் 'இல்லை', 'இல்லை' என்று பொத்தானை அழுத்துவார்கள். இடலினாவும் அழுத்தியிருந்தாள்.

கடிதம் வேறு மாதிரி சொன்னது. ஏப்ரல் முப்பது, புதன்கிழமை அவளுக்கு வேலை தரப்பட்டது, அவள் மறுத்தாள் என்று ஆலை தெரிவித்திருக்கிறதாம்.

அந்தப் புதன்கிழமை தன்னை யாருமே கூப்பிடவில்லை என்று கடிதம் வந்த நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கணவனிடம் சொன்னாள். பாதிரியாரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நம்பிக்கை குறைந்தது.

"இன்னைக்கு பாத்திமா மாதா திருநாள்," என்றாள் பக்கத்து இயந்திரக்காரி. "நல்ல நாளாப் பாத்துத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"வாயை வெச்சிட்டு சும்மா இரு."

"மாதாகிட்ட வேண்டிக்கோன்னு சொல்ல வந்தேன்டி. இது ஒரு தப்பா?"

காப்பி இடைவேளையில் இடலினா எழுந்து மேற்பார்வையாளர் நோயேமியாவிடம் போனாள். நோயேமியாவும் இடலினா பிறந்த அதே போர்ச்சுகீசியத் தீவிலிருந்து, சாவோ மிகேலிலிருந்து, வந்தவள்தான். தையலிலிருந்து உயர்ந்தவள். கழுத்தில் கத்தரிக்கோல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தோனா நோயேமியா, ஒரு வார்த்தை."

நோயேமியா சுற்றிலும் பார்த்தாள். "இங்க வேணாம். துணி உருளை பக்கம் வா."

உருளைகளின் மறைவில் இடலினா கேட்டாள். "அந்தப் புதன்கிழமை நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையே?"

"கூப்பிட்டேன். திடீர்னு ஹோட்டல் ஆர்டர் வந்துச்சு. ஆறு பேருக்கு போன் பண்ணேன். உன் வீட்ல ஒரு பொம்பள எடுத்தா. 'இடலினா வரமாட்டா, எங்க வீட்ல கிரீடம் இருக்கு'ன்னா. ராணி மாதிரி."

"யாரு?"

"பேரா கேட்டேன்? பின்னாடி ஒரே சத்தம். பாத்திரம், சிரிப்பு, பாட்டு வேற."

இடலினாவுக்கு அந்தச் சத்தம் நினைவிருந்தது. ஈஸ்டருக்குப் பின் ஏழு வாரங்கள் தூய ஆவியின் வெள்ளிக் கிரீடம் ஏழு வீடுகளில் தங்கும். யார் வீடு என்று முந்தைய வருடமே சீட்டுக் குலுக்கி எடுத்துவிடுவார்கள். அவள் கணவன் உர்பானோவின் பெயர் திருமணமான நாளிலிருந்து அந்தச் சீட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. இந்த வருடம்தான் வெளியே வந்தது. முன்னறையில் வெள்ளைப் பட்டு விரித்துப் படிப்படியாகப் பீடம். தினமும் மாலை ஜெபமாலை. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அந்தப் புதன்கிழமை அடுப்படியில் எட்டுப் பத்துப் பெண்கள் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்தார்கள். இடலினா கூடுதல் நாற்காலி கேட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போயிருந்தாள்.

"நீங்க அதை அப்படியே எழுதிக் குடுத்துட்டீங்க."

"ஆபீஸ்ல கேக்கறாங்க, இடலினா. யார் வரலன்னு வாராவாரம் கேக்கறாங்க. நான் எழுதலேன்னா என் நாற்காலில வேற ஒருத்தி உக்காருவா." நோயேமியா குரலைத் தாழ்த்தினாள். "கிரீடம் என் வீட்டுக்கு வந்திருந்தா நானும்தான் வந்திருக்கமாட்டேன். ஆனா கிரீடம் வர்ற வாரம் ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சிடணும். போனே வரலேன்னா யாரு மறுத்தா? இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், உங்க வீட்டுக்கு மட்டும் தெரியல."

அவள் வீட்டில் ராணி மாதிரிப் பேசக்கூடியவள் ஒருத்திதான்.

*

அன்று அரை நாள் வேலை. அவள் வீட்டுக்கு வந்தபோது உர்பானோ மீன் சந்தை வேலையிலிருந்து திரும்பியிருந்தான். கீரைச் சூப்பைச் சுடவைத்து, அதில் ஷொரீசு சாசேஜை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுதா?"

"ராணி மாதிரிப் பேசினாளாம்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அக்கா."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து நான் தூங்காமக் கெடக்கேன். நீ சந்தேகப்பட்டுக்கிட்டே குறட்டை விட்டிருக்க."

உர்பானோ ஜன்னலை மூடினான். மூன்று மாடி மர வீடு அது. கீழே இவர்கள். நடுவில் அவன் அக்கா ஜுல்மீரா, கணவனை இழந்தவள். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். அடுப்படியில் பேசுவது சுவரோரக் குழாய் வழியாக மேலே போய்விடும்.

"அவ பேரைச் சொல்லாத," என்றான்.

"சொல்லலேன்னா யாரு மறுத்தது? நான்தான். அப்ப ஞாயித்துக்கிழமை போன்ல நான் 'இல்லை'ன்னு அழுத்தினது பொய். அரசாங்கத்துக்கிட்ட பொய் சொன்னவ."

"சொன்னா அவளைக் கிண்டுவாங்க. கிண்டினா பேக்கரி வரும்."

அதுதான் சிக்கல். ஜுல்மீராவும் அதே ஆலைதான், வேறு மாடியில்; அதே பகுதி உதவித்தொகைதான். சனிக்கிழமைகளில் விடியுமுன் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தாள். கூலி கையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் கேட்டபோது அவளும் 'இல்லை' என்றே அழுத்தினாள். தெருவில் இது ரகசியமில்லை. அலுவலகத்துக்குத்தான் தெரியாது.

"பேக்கரிக்காகவா அவளைத் தூக்கிடுவாங்க?"

"அடெலைட் மகனைப் பிடிச்சுத் தீவுக்கே அனுப்பலையா?"

"அவன் போதை மருந்து வித்தான், உர்பானோ."

"இவ மாவு பிசைஞ்சா. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். மோசடின்னு ஒரு வார்த்தை விழுந்துதுன்னா போதும். கிரீன் கார்டைப் பிடுங்கி, விமானத்துல ஏத்தி, தீவுல, பொன்டா டெல்கடால இறக்கிட்டு 'நட'ன்னுடுவாங்க. அங்க அவளுக்கு யாரு இருக்கா? வீட்டைக்கூட வித்தாச்சு."

அவன் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. மனைவியும் அக்காவும் நாளைக்கு, அடுத்த வருடத்துக்கு என்று தள்ளிப் போட்டவர்கள்.

"என் கையில இருக்கறதும் கிரீன் கார்டுதான்," என்றாள் இடலினா. "என்னை ஏத்தினாப் பரவாயில்லையா?"

"நான் அப்படிச் சொல்லல."

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

ஜுல்மீரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அது அவள் வழக்கம். கையில் துணி சுற்றிய ரொட்டி.

"ரெண்டு பேரும் ஏன் ஜன்னலை மூடிட்டு வேகறீங்க? சாவு வீடு மாதிரி இருக்கு."

"அண்ணி, அந்தப் புதன்கிழமை நோயேமியாகிட்ட பேசினது நீங்கதானே?"

ஜுல்மீரா ரொட்டியை மேசையில் வைத்தாள். "ஆமா. நான்தான்."

"ஏன் அண்ணி?"

"வேற என்ன சொல்லணும்? ஆவியானவரை முன்னறையில உக்கார வெச்சிட்டு, வீட்டுக்காரி ஹோட்டலுக்குத் திரை தைக்கப் போயிருக்கான்னு ஊருக்குச் சொல்லணுமா? நம்ம பேரு வரணும்னு எவ்வளவு வருஷம் காத்திருந்தோம்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"முழங்கை வரைக்கும் மாவு. போனைத் தோள்ல இடுக்கிட்டுப் பேசினேன். வெச்சதும் பால் பொங்கிடுச்சு, மறந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மறந்ததுதான் தப்பு. சொன்னது தப்பில்ல."

"சொன்னதாலதான் இன்னைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு விசாரணை."

அப்போதுதான் ஜுல்மீரா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கடிதம் வந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை. உர்பானோ சொல்லவேண்டாம் என்றிருந்தான்.

"எங்கிட்ட மறைச்சீங்களா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள். "பயந்தாங்கொள்ளி. சின்ன வயசுல இடி இடிச்சா என் பாவாடைக்குள்ள ஒளிவான், இப்பவும் அப்படியே இருக்கான்."

"அக்கா, நீ மாடிக்குப் போ. போன் முடியற வரைக்கும் கீழ இறங்காத."

"நான் பேசறேன். நான்தான் சொன்னேன்னு சொல்லிடறேன். ஒரே நிமிஷம்."

"உன் பேரைக் கேப்பாங்க. நம்பரைக் கேப்பாங்க. அப்புறம் சனிக்கிழமை எங்க போறேன்னு கேப்பாங்க."

ஜுல்மீராவின் முகத்தில் இருந்த ராணி மெல்ல எழுந்து போய்விட்டாள். ரொட்டி சுற்றிய துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு மாடிக்குப் போனாள். அவள் நாற்காலி இழுபடும் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. சுவரோரக் குழாய்க்குப் பக்கத்தில்தான் போட்டுக்கொண்டாள்.

*

தொலைபேசி இரண்டு மணிக்குச் சரியாக அடித்தது.

அதிகாரியின் பெயர் மிஸ் ஹாலரன். அவர் ஆங்கிலத்தில் பேச, இன்னொரு பெண் குரல் போர்ச்சுகீசியத்தில் சொன்னது. மொழிபெயர்ப்பவள் பிரேசில்காரி. டிவி நாடகத்தில் வரும் பணக்கார வீட்டு மருமகள் மாதிரி வழுக்கிக்கொண்டு பேசினாள். தன் தீவுப் பேச்சு அவளுக்குப் புரியவேண்டுமே என்று இடலினா ஒவ்வொரு சொல்லையும் பிட்டுப் பிட்டு வைத்தாள்.

முதல் கேள்விகள் எளிது. பெயர். சமூகப் பாதுகாப்பு எண். எத்தனை வருட வேலை. அதிகாரி கோபப்படவில்லை. குரல் உயரவில்லை. அதுவே இடலினாவைப் பயமுறுத்தியது.

"புதன்கிழமை வேலைக்கு அழைப்பு வந்தது உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க."

"தெரியாது. நான் வீட்ல இல்ல. கோயில் மண்டபத்துக்குப் போயிருந்தேன்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீண்ட ஆங்கில வாக்கியம்.

"உங்க வீட்ல மதச் சடங்கு நடந்ததால வரலன்னு ஆலை சொல்லுது. தொலைபேசியை நீங்களே எடுத்திருந்தா வேலைக்குப் போயிருப்பீங்களான்னு கேக்கறாங்க."

யார் எடுத்தார்கள் என்ற கேள்விக்குத்தான் இடலினா தயாராக இருந்தாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. உர்பானோ எதிரே நின்று தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினான்.

முன்னறை வாசல் வழியாகப் பீடம் இருந்த இடம் தெரிந்தது. கிரீடம் இப்போது வேறு வீட்டில். சுவரில் ஆணித் தடம் மட்டும் இருந்தது.

"போயிருப்பேன்," என்றாள். "பகல்ல தைச்சிட்டு, சாயங்காலம் ஜெபமாலைக்கு வந்திருப்பேன்."

அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. தலைக்கு மேலே நாற்காலி இழுபட்டது.

"அப்ப தொலைபேசியை எடுத்தது யாருன்னு கேக்கறாங்க."

"வீடு நிறைய பெண்கள். மாவு பிசைஞ்சிட்டிருந்தாங்க."

"பேர் வேணுமாம். பேர் இல்லேன்னா ஆலை சொன்னதைத்தான் எடுத்துக்க முடியுமாம். அது மட்டுமில்ல, ஞாயித்துக்கிழமை நீங்க சொன்ன பதிலையும் பார்க்க வேண்டியிருக்கும்னு சொல்றாங்க."

இடலினா கணவனைப் பார்த்தாள். அவன் தலை அசைவது நின்றிருந்தது. ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

மாடிப்படியில் காலடி கேட்டது. ஜுல்மீரா கதவைத் திறந்து வந்தாள். உர்பானோ குறுக்கே போனான். அவள் அவனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு இடலினாவின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"நான்தான் எடுத்தேன். என் பேரு ஜுல்மீரா. இவளோட நாத்தனார். இவளுக்குத் தெரியாது. இவகிட்ட நான் சொல்லவும் இல்ல. கிரீடம் இருக்கு, வரமாட்டான்னு சொன்னது நான். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். முழுப் பெயர் கேட்டார்கள், சொன்னாள். எண் கேட்டார்கள், அதையும் சொன்னாள். சாட்சிக்கு எண் எதற்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீங்களும் உதவித்தொகை வாங்குகிறீர்களா? ஆமாம். அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

"மாவு பிசைஞ்சேன்."

"கூலிக்கான்னு கேக்கறாங்க."

"கூலியா?" ஜுல்மீராவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "ஆவியானவர் யாருக்குக் கூலி குடுத்தாரு? சும்மாதான், அம்மா. வேண்டுதலுக்கு."

மொழிபெயர்ப்பவளும் சிரித்தாள் போலிருந்தது. உர்பானோ சுவரில் சாய்ந்தான்.

மறுமுனையில் தட்டச்சு நின்றது. அதிகாரி வழக்கமான ஒரு கேள்வி கேட்டார். அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

"மற்ற வாரங்கள்ல வேற எங்கேயாவது கூலிக்கு வேலை செஞ்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க."

ஜுல்மீரா வாயைத் திறந்தாள். மேசையில் அவள் கொண்டுவந்த ரொட்டி இருந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். அடுத்து இடலினாவைப் பார்த்தாள்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது," என்றாள் ஜுல்மீரா. "அது வந்து…"

அதிகாரி அந்த இழுப்பைக் கேட்டு இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஆங்கிலம். வேகம் குறைந்த, நீளமான வாக்கியம். அடுப்படியில் இருந்த மூவருக்கும் ஆலை ஆங்கிலமும் மீன் சந்தை ஆங்கிலமும்தான் தெரியும். வாக்கியம் முடிவதற்காக ஜுல்மீரா காத்திருந்தாள்.

உர்பானோ கையை நீட்டித் தொலைபேசியின் கொக்கியை அழுத்தினான்.

"என்ன பண்ற!" இடலினா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை.

"அவ சொல்லப் போனா. முகத்தைப் பாத்தேன், சொல்லப் போனா."

"திரும்பக் கூப்பிடுவாங்க!"

"கூப்பிடட்டும்." அவன் அக்காவின் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான். கொக்கியில் மாட்டவில்லை. சுருள் கம்பியோடு அதைத் தொங்கவிட்டான். அது சுவரில் இரண்டு முறை மோதி நின்றது.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜுல்மீரா மாதாவின் பெயரை முணுமுணுத்தாள்.

அதிகாரி கடைசியாகச் சொன்ன வாக்கியம் மொழிபெயர்ப்பவளின் காகிதத்தில் இருந்தது. அப்படி ஏதாவது சம்பாத்தியம் இருந்து இப்போதே சொல்லிவிட்டால் அந்த வாரங்களைத் திருத்திக்கொள்ளலாம், அதிகமாக வாங்கியதைச் சிறுகச் சிறுகத் திருப்பினால் போதும், பயப்பட வேண்டாம் என்பது அதன் சாரம். அவள் அதைப் போர்ச்சுகீசியத்தில் சொல்லத் தொடங்கியபோது இணைப்பு இல்லை.

மிஸ் ஹாலரன் இரண்டு முறை திரும்ப அழைத்தார். இரண்டு முறையும் லைன் பிஸியாக இருந்தது. மூன்று மணிக்கு முன் அவர் கோப்பை முடித்தார். அழைப்பு விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து துண்டிக்கப்பட்டது என்றும், கையில் உள்ள தகவலை வைத்து முடிவெடுக்கப்படும் என்றும் அதில் எழுதினார். ஜுல்மீராவின் பெயரும் எண்ணும் தனிக் குறிப்பாக மோசடி விசாரிக்கும் பிரிவுக்கு அனுப்பப்பட்டன.